வைப்ரேட்டர் ஏன் மீண்டும் மீண்டும் எரிந்தது? ஒரு 6 வோல்ட் வால்வு கார் ரேடியோவின் சீரமைப்பு: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய கருவி, 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்த, ஆறு வால்வுகள் கொண்ட, மத்திய அலை மட்டும் எடுக்கும் ஒரு கார் ரேடியோ. ஐந்து புஷ் பட்டன்களும் இரண்டு திருகு குமிழ்களும் முகப்பில். மின்வழங்கி, வாங்கி (ரிசீவர்), ஒலிபெருக்கி மூன்றும் ஒரே இரும்புப் பெட்டிக்குள். உரிமையாளர் அதை என் மேசையில் வைத்தபோது சொன்ன குறை ஒரே வரி: "வைப்ரேட்டர் போய்விட்டது, புதிது போட்டால் பாடும்." அவர் கையோடு கொண்டுவந்த தகரப் பெட்டியில், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பயன்படுத்தாமலேயே வைத்திருந்த ஒரு வைப்ரேட்டரும் இருந்தது. இதற்கு முன் இரண்டு வைப்ரேட்டர்கள் இதே ரேடியோவில் சில மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை என்பதை, கேட்ட பிறகுதான் சொன்னார். மூன்றாவதையும் செருகிப் பார்க்க என் கை வரவில்லை. ஒரே பாகம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து எரிகிறதென்றால் நோய் அந்தப் பாகத்தில் இல்லை; அதற்கு அடுத்து இருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், வேலை செய்ய அதன் பிளேட்டுக்கு (எலெக்ட்ரான்களை ஈர்க்கும் தகட்டுக்கு) இருநூறு வோல்ட்டை ஒட்டிய நேர்மின் அழுத்தம் வேண்டும். காரில் இருப்பதோ 6 வோல்ட் பேட்டரி. 1930-இல் கால்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில், இந்த உயர் அழுத்தத்துக்கெனத் தனி பேட்டரிகளைக் காரில் சுமந்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சுமையை இறக்கிவைத்த கருவிதான் வைப்ரேட்டர். ஒரு மின்காந்தத்தின் எதிரில் நிற்கும் எஃகு நாக்கு நொடிக்கு ஏறத்தாழ 115 முறை இருபுறமும் ஆடி, மின்மாற்றியின் முதன்மைச் சுருளின் இரு பாதிகளுக்கும் பேட்டரி மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. நேர்மின்னோட்டம் இப்படி வெட்டுப்பட்டு மாறுமின்னோட்டம் போலாகி, மின்மாற்றியில் உயர்ந்து, 6எக்ஸ்4 என்ற ரெக்டிஃபயர் வால்வு வழியாக மீண்டும் நேர்மின்னோட்டமாகிறது. பழைய கார் ரேடியோவைப் போட்டவுடன் கேட்கும் அந்த மெல்லிய முரளல் இந்த நாக்கின் ஒலிதான்.

முதல் பார்வை

பெட்டியைத் திறந்ததும் மின்சாரம் கொடுக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பதற்கு ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன். இந்த வேலையில் அதைவிடப் பயன்தரும் நேரம் வேறில்லை என்பது என் அனுபவம். ஃபியூஸ் கூட்டுக்குள் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. ஆறு வால்வுகளின் உச்சியிலும் உள்ள வெள்ளிப் பூச்சு பளபளப்பாகவே இருந்தது. காற்று புகுந்திருந்தால் அது பால்வெள்ளையாக மாறியிருக்கும். மெழுகில் தோய்த்த தாள் கண்டன்சர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன. அவற்றின் மெழுகு உருகிச் சேசிஸில் சொட்டியிருந்தது. ஒலிபெருக்கியின் தாள் கூம்பு ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

மின்மாற்றியின் அருகில் மட்டும் ஓர் இணைப்பில் ஈயம் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் இருந்தது பஃபர் கண்டன்சர். சுற்று வரைபடம் கேட்பது 0.007 மைக்ரோஃபாரட், 1600 வோல்ட். அங்கே பற்றவைத்திருந்ததோ 0.01 மைக்ரோஃபாரட், 600 வோல்ட். அப்போதே ஐயம் எழுந்துவிட்டது. ஆனால் ஐயம் வேறு, நிரூபணம் வேறு.

கூட்டில் இருந்த வைப்ரேட்டரின் உறையை மடிப்பு நிமிர்த்தித் திறந்தேன். அதிர்வொலியை அடக்க உள்ளே வைத்த பஞ்சு ரப்பர் கருந்தார் போல இளகி, நாக்கின் அடிப்பகுதிவரை ஒட்டியிருந்தது. தொடுமுனைகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் சிறு குழியும் அதன் எதிர்ப் பக்கத்தில் அதே வடிவில் ஒரு மேடும் தெரிந்தன. சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு முனையின் உலோகம் பொறியில் உருகி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வயதானதால் தேய்ந்த முனைகள் இப்படி இருக்காது. ஒவ்வொரு முறை மூடும்போதும் தாங்க முடியாத மின்னோட்டம் பாய்ந்ததற்கான தடயம் இது.

பஃபர் கண்டன்சரின் கணக்கு

நாக்கு ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தைத் தொடுவதற்கு இடையில் எந்தத் தொடுமுனையும் மூடாத ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. 115 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 4.35 மில்லி நொடி. அதில் இந்த இடைவெளி அரை மில்லி நொடியைச் சற்றே தாண்டும். மின்மாற்றியின் உள்ளகத்தில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் அந்த நேரத்தில் எங்காவது போக வேண்டும். பஃபர் கண்டன்சர் இல்லையென்றால் அது கூரிய உயர் அழுத்த முள்ளாக எழுந்து, திறக்கும் முனைகளுக்கிடையே பொறியாகிவிடும். கண்டன்சர் இருந்தால், சுருளும் அதுவும் சேர்ந்து ஓர் ஊஞ்சலைப் போலச் செயல்பட்டு, அழுத்தத்தை நேரிலிருந்து எதிருக்குத் தாமாகவே கொண்டுபோகின்றன. நாக்கு மறுபக்கத்தைத் தொடும் கணத்தில் அங்குள்ள அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை நெருங்கியிருந்தால் முனை பொறியின்றி மூடும். ஆகவே இந்தக் கண்டன்சரின் அளவு, கிட்டத்தட்ட இருந்தால் போதும் என்று விட்டுவிடக்கூடியது அல்ல. குறைந்தால் ஊஞ்சல் எல்லை தாண்டும். கூடினால் பாதிவழியில் இருக்கும்போதே முனை மூடிவிடும்.

இந்த மின்மாற்றியில் முதன்மைச் சுருளின் ஒரு பாதிக்கும் துணைச் சுருளின் ஒரு பாதிக்கும் இடையிலான சுற்று விகிதத்தை, சிறிய மாறுமின்னழுத்தம் கொடுத்து அளந்தேன்: ஒன்றுக்கு 45. பஃபர் கண்டன்சர் துணைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே இருப்பதால், அதற்குரிய விகிதம் ஒன்றுக்கு 90. கொள்ளளவு விகிதத்தின் வர்க்கமாகப் பெருகித் தெரியும் என்பதால், வரைபடம் சொல்லும் 0.007 மைக்ரோஃபாரட் தொடுமுனைகளின் பக்கமிருந்து பார்த்தால் 57 மைக்ரோஃபாரட். அங்கே வைத்திருந்த 0.01 மைக்ரோஃபாரட் 81 மைக்ரோஃபாரட். அழுத்தம் பாதிவழியில் நிற்கும்போது முனை மூடினால், இந்த 81 மைக்ரோஃபாரடின் மீதி மின்னேற்றத்தை ஒரே கணத்தில் அந்தச் சிறு முனை தாங்க வேண்டும். நீலம் பாய்ந்த குழிக்கு இதுவே போதுமான விளக்கம்.

அழுத்தத்தின் கணக்கு இதைவிட மோசம். 6 வோல்ட் கார் ஓடும்போது பேட்டரி முனைகளில் 7.2 வோல்ட் வரை ஏறும். 7.2-ஐ 90-ஆல் பெருக்கினால் 648. ஊஞ்சல் சற்றும் தாண்டாமல் இருந்தாலும்கூட, 600 வோல்ட் கண்டன்சர் தன் வரம்புக்கு மேல்தான் நொடிக்கு 115 முறை அல்லாடிக்கொண்டிருந்தது.

கழற்றிய கண்டன்சரை மல்டிமீட்டரில் வைத்தேன். 0.0104 மைக்ரோஃபாரட் காட்டியது. மின்தடை எல்லையற்றது என்றது. நல்ல கண்டன்சர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். முன்பு பழுது பார்த்தவரும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். அதையே காப்புச் சோதிப்பானில் 500 வோல்ட்டில் வைத்தபோது 30 மெகாஓமில் தொடங்கிய அளவு கண் முன்னேயே இறங்கியது. 700 வோல்ட்டைத் தொட்டதும் உள்ளேயிருந்து "டிக், டிக்" என்று மெல்லிய ஒலி. ஒவ்வொரு டிக்கிலும் முள் சுழியை நோக்கிச் சாய்ந்து எழுந்தது. மல்டிமீட்டர் சில வோல்ட்டுகளில்தான் சோதிக்கிறது. உயர் அழுத்தத்தில் உழைக்கும் பாகத்தை உயர் அழுத்தத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த இடத்தில் 0.0068 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட் பாலிப்ரோப்பிலின் கண்டன்சரை வைத்தேன். 0.007 என்ற மதிப்பு இன்று கிடைக்கும் வரிசையில் இல்லை. மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான இந்த வேறுபாடு பொருட்டல்ல.

இரண்டு பாதிகளாகப் பிரித்தல்

வைப்ரேட்டர் பகுதியும் வாங்கிப் பகுதியும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடியவை. வாங்கியில் ஒரு கண்டன்சர் குறுக்குச்சுற்றானால் ரெக்டிஃபயரும் வைப்ரேட்டரும் சேர்ந்தே போகும். அதனால் வைப்ரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்டர்களுக்கு (வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு) மட்டும் மேசை மின்வழங்கியிலிருந்து 6.3 வோல்ட் கொடுத்தேன். 6பிஏ6 இரண்டு, 6பிஇ6, 6ஏடி6 ஆகிய நான்கும் தலா 0.3 ஆம்பியர், 6ஏக்யூ5 0.45, 6எக்ஸ்4 0.6: கூட்டினால் 2.25 ஆம்பியர். முகப்பு விளக்கின் 0.25-ஐச் சேர்த்தால் 2.5. மீட்டர் காட்டியதும் 2.5. எந்த ஹீட்டரும் அறுந்திருக்கவில்லை. பேட்டரி வழியில் எங்கும் கசிவில்லை.

அடுத்து, தனி மின்வழங்கியிலிருந்து உயர் அழுத்தத்தை ரெக்டிஃபயரின் கேதோடு (எலெக்ட்ரான்களை உமிழும்) முனையில் கொடுத்து, 50 வோல்ட்டில் தொடங்கி மெல்ல 200 வரை ஏற்றினேன். இந்த நிலையிலிருந்து சேசிஸுக்குள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும், ஃபில்டர் கண்டன்சர்களை ஒரு மின்தடை வழியாகக் காலியாக்கிவிட்டு, அழுத்தம் இறங்கியதை மீட்டரில் பார்த்த பின்பே தொட வேண்டும். 200 வோல்ட் நேர்மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது.

வெளியீட்டு வால்வான 6ஏக்யூ5-இன் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையில்) அழுத்தம் சுழியாக இருக்க வேண்டும். இருந்ததோ நேர் 3.1 வோல்ட். கிரிட்டின் மின்தடை 470 கிலோஓம் என்பதால், முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து இணைப்புக் கண்டன்சர் வழியாக 6.6 மைக்ரோஆம்பியர் கசிந்துகொண்டிருந்தது. எண்ணிக்கையில் இது மிகச் சிறிது, விளைவில் சிறிதல்ல. கேதோடில் 11.3 வோல்ட், அதாவது 270 ஓம் மின்தடையில் ஏறத்தாழ 42 மில்லிஆம்பியர். புதிய கண்டன்சர் வைத்ததும் கிரிட் சுழிக்கு இறங்கியது, கேதோடு 9.6 வோல்ட்டுக்கு வந்தது, மின்னோட்டம் 36 மில்லிஆம்பியருக்கும் குறைந்தது. வால்வும் வெளியீட்டு மின்மாற்றியும் இத்தனை காலம் சுமந்த வீண் பாரம் அது. ஒரு வால்வு ரேடியோவில் ஒரே ஓர் அளவை மட்டும் எடுக்க நேரம் இருந்தால், இந்தக் கிரிட் அளவைத்தான் எடுப்பேன்.

மீதமிருந்த மெழுகுத் தாள் கண்டன்சர்கள் அனைத்தையும், இரண்டு ஃபில்டர் கண்டன்சர்களையும் மாற்றினேன். மின்தடைகளில் இருபது விழுக்காட்டுக்கு மேல் விலகியவை நான்கு. எல்லாம் மேல்நோக்கியே விலகியிருந்தன. ஒலிபெருக்கியின் கிழிசலை மெல்லிய திசுத் தாளாலும் நீர்த்த வெள்ளைப் பசையாலும் ஒட்டினேன்.

வைப்ரேட்டருக்குப் புத்துயிர்

உரிமையாளரின் தகரப் பெட்டியில் இருந்த, ஒருநாளும் ஓடாத வைப்ரேட்டர் 6 வோல்ட் கொடுத்தால் அசையவே இல்லை. திறந்து பார்த்தபோது முனைகளில் குழியோ நீலமோ இல்லை. ஆனால் மங்கலான ஒரு படலம் படர்ந்து, மின்னோட்டத்தை முழுவதும் தடுத்திருந்தது. 2000 எண் உப்புத்தாளின் நூல்போன்ற கீற்றை முனைகளுக்கிடையே நுழைத்து, விரலால் மெல்ல அழுத்தியபடி இரண்டே முறை இழுத்தேன். பிறகு ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் கீற்றை, அது கறையின்றி வெளிவரும் வரை இழுத்தேன். அரம் இங்கே ஆகாது. முனையின் வடிவத்தைக் கெடுத்தால் இடைவெளியின் நேரமே மாறிவிடும். பஞ்சு ரப்பரை நீக்கி, புதிய மென்நுரைத் தாளைச் சுற்றி வைத்தேன். தொடராக ஒரு விளக்கை இணைத்து ஓடவிட்டபோது முதலில் திக்கித் திணறி, சில நொடிகளில் ஒரே சுருதிக்கு வந்தது.

டிரான்சிஸ்டர் கொண்ட மாற்று வைப்ரேட்டர்களும் உண்டு, ஓசையில்லாதவை, தேயாதவை. நாள்தோறும் ஓடும் காருக்கு அவை பொருத்தமானவை என்றே சொல்வேன். ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் காரின் சேசிஸ் நேர்முனையா எதிர்முனையா என்பது முக்கியம். பார்க்காமல் செருகினால் உடனே போய்விடும். இயந்திர வைப்ரேட்டர்களிலும், ரெக்டிஃபயர் வேலையைத் தானே செய்யும் ஒத்தியங்கு வகைக்கு இதே எச்சரிக்கை உண்டு. இந்த ரேடியோவில் வால்வு ரெக்டிஃபயர் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிலையில், மூலக் கருவியையே ஓடவிடுவதுதான் நேர்மை என்று தோன்றியது.

செம்புக் கம்பி இருந்த இடத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸை வைத்து, முழு ரேடியோவையும் 6.3 வோல்ட்டில் இயக்கினேன். மின்னோட்டம் 6.2 ஆம்பியர், உயர் அழுத்தம் 215 வோல்ட். முதன்மைச் சுருளில் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது, தட்டையான மேற்பரப்பும், அதன் முடிவிலிருந்து எதிர்ப்புறத்துக்குச் சாய்வாக இறங்கும் ஒரு கோடும், கோட்டின் அடியில் சிறு படி மட்டும் வைத்து அடுத்த தட்டையும் தெரிந்தன. பொறி முள் ஒன்றுகூட இல்லை. ஒப்பிடுவதற்காகச் சில நொடிகளுக்கு மட்டும் 0.01 மைக்ரோஃபாரட் நல்ல கண்டன்சர் ஒன்றை வைத்துப் பார்த்தேன்: சாய்வு பாதியிலேயே முறிந்து, செங்குத்தாக விழுந்தது.

நாற்பதாவது நிமிடத்தின் இடி

ரேடியோ பாடியது. நாற்பது நிமிடம் கழித்துத் தொலைவில் இடி உருள்வது போன்ற கரகரப்பு தொடங்கியது, நின்றது, மீண்டும் வந்தது. ஆண்டெனாவைக் கழற்றினாலும் நிற்கவில்லை, ஆகவே வெளியிலிருந்து வரவில்லை. ஒலிக் கட்டுப்பாட்டைக் குறைத்தால் மறைந்தது, ஆகவே அதற்கு முந்தைய பகுதியில் பிறக்கிறது. எந்த நிலையத்தின் அலையையும் ரேடியோ தனக்குள் ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது; அதுவே இடைநிலை அதிர்வெண். அந்த இடைநிலை அதிர்வெண் வால்வின் கிரிட்டை 0.1 மைக்ரோஃபாரட் வழியாகச் சேசிஸுக்கு இணைத்தேன், இடி நிற்கவில்லை. வால்வை மாற்றினேன், நிற்கவில்லை. எஞ்சியது இரண்டாவது இடைநிலை மின்மாற்றி மட்டும்.

இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது. நிலையங்கள் எதுவும் வராதபோது, அந்த மின்மாற்றியின் துணைச் சுருளில் டயோடு காரணமாக மிகச் சிறிய எதிர் அழுத்தம் மட்டுமே இருக்க வேண்டும். உயர் உள்மின்தடை கொண்ட வோல்ட்மீட்டரில் அங்கே நேர் 0.4 வோல்ட் துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பும் இடியோடு ஒத்துவந்தது. நேர் அழுத்தம் இருக்கும் ஒரே இடம் முதன்மைச் சுருள். ஆக, முதன்மையிலிருந்து துணைக்கு எதன் வழியாகவோ மின்சாரம் கசிகிறது.

அலுமினியக் கூட்டைக் கழற்றி, அடிப்பகுதியைப் பிரித்தேன். இரு சுருள்களுக்குமான கண்டன்சர்கள் தனிப் பாகங்கள் அல்ல. ஒரே அப்பிரகத் (மைக்கா) தகட்டில் பூசிய வெள்ளித் திட்டுகள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரு திட்டுகளில் ஒன்றில் இருநூறு வோல்ட், மற்றொன்றில் ஏறத்தாழ சுழி. இத்தனை ஆண்டுகளில், ஈரத்தின் துணையோடு, வெள்ளி ஒரு திட்டிலிருந்து மறுதிட்டை நோக்கி அணு அணுவாக நகர்ந்திருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, தெளிந்த அப்பிரகத்தின் மேல் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளைப் போலக் கறுத்த இழைகள் படர்ந்திருந்தன. ஒவ்வொரு இழையும் எதிர்க்கரையைத் தொடும் கணத்தில் எரிந்து அறுபடுகிறது. அதுதான் அந்த இடி.

அப்பிரகத் தகட்டை எடுத்துவிட்டு, முனைகளைத் துடைத்து, தனிக் கண்டன்சர்களைப் பொருத்த வேண்டும். அளவை ஊகிக்க வேண்டியதில்லை. சுருளைச் சரிசெய்யும் திருகை நடுவில் வைத்து அளந்த தூண்டல் 2 மில்லிஹென்றி. இந்த ரேடியோவின் இடைநிலை அதிர்வெண் 262 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் ஒத்திசைய 184 பிக்கோஃபாரட் தேவை. சுருளும் கம்பிகளும் தாமே சில பிக்கோஃபாரடைக் கொண்டிருப்பதால், வெப்பத்தால் மதிப்பு மாறாத வகையில் 180 பிக்கோஃபாரட் இரண்டைப் பற்றவைத்தேன். முதல் இடைநிலை மின்மாற்றியில் நோய் இன்னும் தென்படவில்லையென்றாலும், அதே வயது, அதே அமைப்பு என்பதால் அதையும் பிரித்து அவ்வாறே செய்தேன்.

ஒத்திசைப்பு

வீட்டு ரேடியோக்களில் பொதுவாக 455 கிலோஹெர்ட்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 262 விந்தையாகத் தோன்றலாம். குறைந்த இடைநிலை அதிர்வெண்ணில் ஒரே வால்விலிருந்து கூடுதல் பெருக்கமும், அடுத்தடுத்த நிலையங்களைப் பிரிக்கும் திறனும் கிடைக்கின்றன. அதற்கான விலை பிம்ப நிலையம்: 600 கிலோஹெர்ட்ஸை எடுக்கும்போது, 262-இன் இருமடங்கு தள்ளி 1124 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையமும் உள்ளே நுழையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் கார் ரேடியோவில் முன்னால் ஓர் ஒத்திசைந்த உயர் அதிர்வெண் பெருக்கி இருக்கிறது. கூடவே, காரின் குட்டையான ஆண்டெனா தரும் சிறிய அலையையும் அது தூக்கிவிடுகிறது.

சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 262 கிலோஹெர்ட்ஸை இயன்றவரை மெல்லிய அளவில் 6பிஇ6-இன் கிரிட்டுக்குக் கொடுத்து, தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டு (அலை வலுத்தால் பெருக்கத்தைத் தானே குறைக்கும்) வழியின் எதிர் அழுத்தம் உச்சம் பெறும்படி இரு இடைநிலை மின்மாற்றிகளின் நான்கு திருகுகளையும் இருமுறை சரிசெய்தேன். அலையைப் பெரிதாகக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடே உச்சத்தை மழுங்கடித்துவிடும். நிலையம் தேர்வது இங்கே சுழலும் தகடுகளால் அல்ல. மூன்று சுருள்களுக்குள் ஒரே வண்டியில் ஏறி நகரும் மூன்று இரும்புத்தூள் உருளைகளால். அவற்றின் மெழுகு முத்திரை உடையாமல் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. 1400 கிலோஹெர்ட்ஸில் டிரிம்மர்களை (திருகிச் சரிசெய்யும் சிறு கண்டன்சர்களை) மட்டும் சரிசெய்து, 600-இல் முகப்பு எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்ததே போதுமானதாக இருந்தது.

ஆண்டெனா டிரிம்மரை மேசையில் முடிக்கக் கூடாது. காரின் ஆண்டெனாவும் அதன் கேபிளும் சுருளோடு சேர்ந்தே ஒத்திசைவதால், பொருத்திய பின், ஆண்டெனாவை முழுவதும் நீட்டி, 1400 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் ஒரு மெல்லிய நிலையத்தைப் பிடித்து, உச்சம் வரும் இடத்தில் நிறுத்தினேன். இயந்திரம் ஓடும்போது வேகத்தோடு ஏறிய ஒரு சீழ்க்கை ஒலி ஜெனரேட்டரிலிருந்து வந்தது, அதன் 0.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரின் தரையிணைப்புத் திருகு துருப்பிடித்திருந்தது. உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்கியதும் சீழ்க்கை அடங்கியது.

ஐம்பது மணி நேரம் ஓடிய பிறகு வைப்ரேட்டரைக் கழற்றி மீண்டும் திறந்து பார்த்தேன். முனைகள் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில், தட்டையாக இருந்தன. குழியில்லை, நீலமில்லை.